கொப்புளமெல்லாம் அம்மையல்ல

தோற்றுவாய்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் தோல்நோய் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். சொல்லையும் பொருளையும் ஆராய்வது எம் தொழில். ஒரு சொல் பொருந்தாத இடத்தில் ஆளப்பட்டமையால் ஓர் இளம் உயிர் ஊசலாடியதை யாம் நேரில் கண்டோம். அச்சொல் 'அம்மை' என்பதாகும். அதனாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. நோய் இன்னதென்று ஆய்ந்து, அது தோன்றிய காரணத்தை ஆய்ந்து, தணிக்கும் வழியையும் ஆய்ந்த பின்னரே செயலில் இறங்குக என்பது வள்ளுவர் அங்கே வகுக்கும் முறை. நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் தந்துள்ளான் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்கு உணர்த்திய நம்பிக்கை. மருந்து உண்டு என்னும் நம்பிக்கையும், நோயை முதலில் அறிக என்னும் எச்சரிக்கையும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. இவ்விரண்டுள் பின்னதை மறந்தால் விளைவது யாது என்பதைக் கீழ்வரும் நிகழ்ச்சி காட்டும்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் இளங்கலை பயின்ற மாணவி ஒருத்திக்கு வலிப்பு நோய் கண்டது. மருத்துவர் கார்பமசெபைன் என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஒருநாளும் இதனை நிறுத்தக் கூடாது என்றும் அறிவுறுத்தினார். வலிப்புக்கு அது முறையான அறிவுரையே. ஆனால் எந்த அறிகுறி தோன்றினால் உடனே திரும்பி வரவேண்டும் என்பதை எவரும் அக்குடும்பத்தாருக்குக் கூறவில்லை.

மூன்றாவது வாரத்தில் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. கண்கள் சிவந்து எரிந்தன. மறுநாள் உதடுகள் புண்ணாயின. மார்பில் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றி, அவற்றின்மேல் கொப்புளங்கள் எழுந்தன. வீட்டார் 'அம்மை போட்டிருக்கிறது' என்றனர். வேப்பிலை பரப்பிப் பாயில் கிடத்தினர், இளநீர் கொடுத்தனர், மருத்துவர் சொற்படி மாத்திரையையும் தவறாது கொடுத்தனர். நலம் விசாரிக்கச் சென்ற யாமும், "அம்மைதான், இறங்கிவிடும். வெயிலில் அலைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

நான்காம் நாள் காலை, அன்னை மகளைத் தூக்கி உட்கார வைத்தபோது முதுகுத் தோல் பாயோடு ஒட்டி உரிந்து வந்தது. அதன் பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். ஐந்து வாரம் அவள் அங்கே கிடந்தாள். இறையருளாலும் மருத்துவர், செவிலியர் உழைப்பாலும் பிழைத்தாள்; பின்னர்ப் பட்டமும் பெற்றாள். ஆயினும் அவள் கண்களில் நீர் சுரப்பது நின்றுவிட்டது. வெயிலில் விழிக்க இயலாது. மணிக்கொரு முறை சொட்டு மருந்து இட வேண்டும். ஒரு பக்கம் படிப்பதற்குள் எழுத்து மங்கிவிடும்.

பின்னொரு நாள் அவள் அன்னை எம்மிடம், "ஐயா, நீங்களும் அம்மைன்னுதானே சொன்னீங்க" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. நடந்ததை நினைவுகூரும் குரலில்தான் சொன்னார். படித்தவர் சொல் என்று அவர்கள் மதித்த எம் சொல் அந்தத் தாமதத்திற்குத் துணை நின்றது. அன்றே இந்நோயைக் கற்கத் தொடங்கினோம்.

சொல்லும் பொருளும்

'அம்மை' என்னும் ஒரே சொல்லால் நம் மக்கள் பல நோய்களைக் குறிக்கின்றனர். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, புட்டாளம்மை என வரும் இவை வெவ்வேறு நச்சுயிரிகளால் உண்டாவன. இவற்றுள் கொடியதாகிய பெரியம்மை இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு அற்றுப்போயிற்று. உலகினின்றே அது நீங்கியதென 1980ஆம் ஆண்டில் உலக நல நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று, பெயர் மட்டும் நின்றது. இன்று உடலெங்கும் பெருங்கொப்புளம் எழுந்து தோல் உரியும் ஒருவரைக் கண்டு 'பெரிய அம்மை' என்று கூறுவோமாயின், இல்லாத நோயின் பெயரை இருக்கும் நோய்க்குச் சூட்டுகின்றோம் என்பதே பொருள்.

ஒன்றுபோல் தோன்றும் நோய்களைப் பிரித்தறியும் கலையில் இசுலாமிய மருத்துவ அறிஞர்கள் உலகிற்கு முன்னோடிகளாக விளங்கினர். ரய் நகரில் பிறந்து பக்தாதிலும் பணியாற்றிய அபூபக்கர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனிநூலே இயற்றினார். முதுகுவலி பெரியம்மையில் மிகுதி. குமட்டலும் மனக்கலக்கமும் தட்டம்மையில் மிகுதி என்றெல்லாம் நோயாளியின் அருகிருந்து நோக்கி எழுதினார். ஆயிரம் ஆண்டுகட்கு முன் எழுந்த அந்நூல் 1848ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அர்ராஸியின் மரபுக்கு உரிமை கொண்டாடும் நாம், கொப்புளம் கண்டவிடத்தெல்லாம் 'அம்மை' என்று கூறி அமைதல் அவர் மரபுக்கு ஏற்றதன்று.

நோயின் வரலாறு

1922ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களாகிய ஸ்டீவன்ஸ், ஜான்சன் இருவரும் காய்ச்சல், வாய்ப்புண், கடுங்கண்ணழற்சி, தோற்கொப்புளம் ஆகியன ஒருங்கே கண்ட இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினர். அவர்கள் பெயராலேயே இது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் எனப்படுகிறது. 1956ஆம் ஆண்டில் ஆலன் லையல் என்னும் பிரித்தானியத் தோல் மருத்துவர், கொதிநீர் பட்டு வெந்தது போலத் தோல் உரியும் நோயாளர் நால்வரைப் பற்றி எழுதினார். அதற்கு நச்சு மேல்தோல் சிதைவு என்று பெயர். இவ்விரண்டும் ஒரே நோயின் இரு நிலைகள் என்பது இன்றைய கருத்து. உடற்பரப்பில் நூற்றில் பத்துப் பங்குக்கும் குறைவாகத் தோல் கழன்றால் முன்னது. முப்பது பங்குக்கு மேற்பட்டால் பின்னது. இடைப்பட்டதை இரண்டும் கலந்த நிலை என்பர். நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை ஏறத்தாழ அவர் உடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு என்பது மருத்துவர் கொள்ளும் எளிய அளவை.

இந்நோய் அரியது, ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் மக்களில் ஒரு சிலருக்கே வருவது. ஆனால் வந்தால் கொடியது. முதல் நிலையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரும், இறுதி நிலையில் முப்பது பேரோ அதற்கு மேலுமோ உயிரிழக்கின்றனர்.

தோன்றும் விதம்

தோல் என்பது வெறும் போர்வையன்று. அது நம் உடலின் பேருறுப்புகளுள் ஒன்று. உடலின் நீரையும் உப்பையும் வெப்பத்தையும் காப்பது, கிருமிகளைத் தடுப்பது. மருந்தொன்று சிலருடைய உடலில் புகும்போது, நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் அம்மருந்தின் தூண்டுதலால் தம் உடலின் மேல்தோலையே பகையெனக் கருதித் தாக்குகின்றன. அவை வெளிவிடும் கிரானுலைசின் முதலிய புரதங்களால் மேல்தோல் முழுத் தடிப்பிலும் மடிந்து கழல்கிறது. கண், வாய், தொண்டை, பிறப்புறுப்பு ஆகியவற்றின் மென்சவ்வும் அவ்வாறே புண்ணாகிறது. அரண் இடிந்த கோட்டைக்குள் பகைவர் புகுவது போலக் கிருமிகள் குருதியில் புகுகின்றன. இறப்புக்குப் பெருங்காரணம் இதுவே.

காரணமாகும் மருந்துகளுள் முதன்மையானவை சிலவே. வலிப்புக்குரிய கார்பமசெபைன், பெனிட்டாயின், பீனோபார்பிட்டால், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால், கோட்ரைமாக்சசோல் முதலிய சல்பா மருந்துகள், நெவிரபின், பைராக்சிகாம், மெலாக்சிகாம் வகையைச் சார்ந்த வலிநீக்கிகள் என்பன அவை. இவை தீய மருந்துகள் அல்ல. கோடிக்கணக்கானோருக்கு நலம் செய்வன. மருந்து தொடங்கிய நான்காம் நாள் முதல் நான்கு வாரத்திற்குள் இந்நோய் தோன்றுவது பெரும்பான்மை. இரண்டு மாதம் வரையிலும் விழிப்பு வேண்டும். பல ஆண்டுகளாக ஒத்துவந்த மாத்திரையைவிட, அண்மையில் புதிதாகத் தொடங்கிய மாத்திரையையே முதலில் ஐயுறுதல் வேண்டும்.

மருந்தே காரணமாதல் பெரும்பான்மை எனினும், தொற்றும் காரணமாவதுண்டு. சிறுவர்களிடம் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் வரும் நுரையீரல் அழற்சியை அடுத்து, வாயும் கண்ணும் கடுமையாகப் புண்ணாகும் இத்தகைய நோய் தோன்றக்கூடும்.

பிரித்தறியும் முறை

சின்னம்மையில் கொப்புளங்கள் சிறியவை, பனித்துளி போன்றவை, நமைச்சல் தருவன. அவை தவணை தவணையாக எழுவதால் புதியதும் காய்ந்ததும் ஒருங்கே காணப்படும். இடைப்பட்ட தோல் இயல்பாக இருக்கும். மருந்தால் வரும் நோயிலோ நமைச்சலைவிட வலியும் எரிச்சலும் மிகுதி. திட்டுகள் கருஞ்சிவப்பாய், நடுப்பகுதி கறுத்து, ஒன்றோடொன்று இணைந்து பரவும். உதடு, வாய், கண், சிறுநீர்ப்புழை ஆகியவற்றுள் இரண்டேனும் புண்ணாகும். சிவந்த தோலை விரலால் மெல்ல அழுத்தித் தள்ளினால் மேல்தோல் நழுவும்; இது நிக்கோல்ஸ்கி அறிகுறி எனப்படும். இச்சோதனை மருத்துவருக்கு உரியது. வீட்டார் செய்து பார்த்தல் கூடாது.

பச்சிளங்குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட சிறாருக்கும் வரும் வெந்ததோல் நோய் மற்றொன்று. 1878ஆம் ஆண்டில் பிராகு நகரில் ரிட்டர் என்னும் மருத்துவர் இதனை விரித்துரைத்தார். ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரி வெளியிடும் நஞ்சு, மேல்தோலின் உயிரணுக்களைப் பிணைக்கும் புரதத்தை அறுப்பதால் தோலின் மேலடுக்கு மட்டும் உரிகிறது. வாயினுள்ளும் கண்ணினுள்ளும் புண் தோன்றாமை இதன் அடையாளம். உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஊசிவழி செலுத்தினால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்திற்குள் தழும்பின்றித் தேறுகின்றனர். ஒரு நோய்க்கு மருந்தை நிறுத்துவது முதல் மருத்துவம். மற்றொன்றுக்கு மருந்தைத் தொடங்குவது முதல் மருத்துவம். பிரித்தறிதலின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

கை கால்களில் அம்பு எய்யும் இலக்கைப் போல வட்டத்துள் வட்டமாகத் தோன்றும் பல்வடிவச் செந்தடிப்பு என்னும் நோய் பெரும்பாலும் உதட்டுக் கொப்புள நச்சுயிரியாகிய ஹெர்ப்பிஸ் காரணமாக வருவது. அது பெரும்பாலும் தானே தணியும். எனினும் இதுவா அதுவா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

செய்யத்தக்கன

புதிய மருந்து தொடங்கிய இரண்டு மாதத்திற்குள், காய்ச்சலுடன் கண் சிவத்தல், உதடு அல்லது வாய் புண்ணாதல், தோலில் வலியுடன் கூடிய சிவப்பு, கொப்புளம் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடுத்த வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன்னரே மருத்துவரைக் காண வேண்டும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு மீளலாமே என்று அஞ்சலாம். அந்த அச்சம் உண்மையானதே. அதனாலேயே வீட்டில் தங்காது மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே ஐயத்திற்குரிய மருந்தை நிறுத்தி, வேறு வகை மருந்தால் வலிப்பைக் காப்பர். காரணமான மருந்தை எத்துணை விரைவில் நிறுத்துகிறோமோ அத்துணைக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிகும் என்பது ஆய்ந்து கண்ட உண்மை.

செல்லும்போது அண்மை இரண்டு மாதத்தில் உண்ட எல்லா மருந்துகளின் அட்டைகளையும், தொடங்கிய நாளையும் கொண்டு செல்க. நாட்டு மருந்து, சத்து மாத்திரை, அண்டை வீட்டார் கொடுத்த வலிமாத்திரை எதனையும் மறைத்தல் ஆகாது. கொப்புளத்தை உடைத்தலும், மஞ்சள், சாம்பல், களிம்பு ஆகியன பூசுதலும் கூடா. தூய மெல்லிய துணியால் போர்த்தி, 108 ஊர்தியை அழைக்கலாம்.

மருத்துவமனையில் இந்நோயாளரைத் தீப்புண் பிரிவிலோ தீவிர மருத்துவப் பிரிவிலோ வைத்துப் பேணுவர். அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குருதிக்குழாய் வழியே நீரும் உப்பும் அளந்து கொடுக்கப்படும், மூக்குக்குழாய் வழியே உணவு ஊட்டப்படும், ஒட்டாத துணியால் புண் மூடப்படும், வலி தணிக்கப்படும். தொற்று உண்டாயிற்றா என நாள்தோறும் நோக்கி, கண்டபோதே மருந்து தருவர். சைக்குளோஸ்போரின், ஸ்டீராய்டு, எட்டனர்செப்ட் முதலியவற்றைச் சிலர் ஆள்கின்றனர். இவற்றுள் எது சிறந்தது என்பதில் மருத்துவரிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. நற்பேணுதலே முதல் மருந்து என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்த வள்ளுவர், பேணுவோனையும் ஓர் உறுப்பாக வைத்தது எத்துணைப் பொருத்தம்!

முதல் நாளிலேயே கண் மருத்துவரை அழைக்குமாறு உறவினர் கேட்க வேண்டும். தோல் சில வாரங்களில் மூடிவிடும். கண்ணோ ஆயுள் முழுதும் துன்புறுத்தும். இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளுதல், இமைமயிர் உட்புறம் திரும்பிக் கருவிழியை உராய்தல், கண்ணீர் வற்றுதல் ஆகியன பார்வையைப் பறிக்கும். தொடக்கத்திலேயே கண்ணைக் கழுவி மருந்திட்டு, தேவைப்படின் கருப்பை நீர்ச்சவ்வை விழிமீது போர்த்திக் காத்தால் இவற்றுள் பலவற்றைத் தவிர்க்கலாம். எம் மாணவி இழந்த நான்கு நாள்கள் இங்கேதான் அவளுக்குப் பேரிழப்பாயின.

வருமுன் காத்தல்

2004ஆம் ஆண்டில் தைவான் அறிஞர்கள் ஓர் அரிய உண்மையைக் கண்டறிந்தனர். கார்பமசெபைனால் இந்நோயுற்ற 44 பேரை ஆய்ந்தபோது 44 பேரிடமும் எச்.எல்.ஏ. பி 1502 என்னும் மரபுக்கூறு இருந்தது. அம்மருந்தை உண்டும் நோயுறாத 101 பேரில் மூவரிடமே அது காணப்பட்டது. 2009ஆம் ஆண்டில் வெளியான இந்தியச் சிற்றாய்வு ஒன்றிலும் எண்மரில் அறுவரிடம் அக்கூறு இருந்தது. ஆசிய மரபினருக்கு அம்மருந்தைத் தொடங்குமுன் இக்குருதிச் சோதனை செய்க என அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007ஆம் ஆண்டில் அறிவித்தது. அல்லோபியூரினாலுக்கும் இத்தகைய மரபுக்கூறு ஒன்று 2005ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆதலின் இம்மருந்துகளை எழுதும் மருத்துவரிடம் சோதனை பற்றிப் பணிவுடன் கேட்பதில் தவறில்லை.

ஒருமுறை இந்நோயுற்றுப் பிழைத்தவர், காரணமான மருந்தை மீண்டும் ஒருபோதும் தீண்டலாகாது. கார்பமசெபைனால் நோயுற்றவர்க்குப் பெனிட்டாயினும் பீனோபார்பிட்டாலும் ஆகாமற் போகலாம். எனவே விலக்க வேண்டிய மருந்துகளின் பெயரை அட்டையில் எழுதி எப்பொழுதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். உடன்பிறந்தாரும் இதனை மருத்துவரிடம் கூறுதல் நன்று. மருந்தால் விளைந்த தீங்கினைப் பதிவு செய்ய இந்திய அரசு 2010ஆம் ஆண்டு முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. 1800 180 3024 என்னும் கட்டணமற்ற தொலைபேசியில் பொதுமக்களும் தெரிவிக்கலாம்.

மருத்துவர் சீட்டின்றி மருந்துக்கடையில் பெயர் சொல்லி மாத்திரை வாங்குதலும், ஒருவர்க்கு எழுதியதை மற்றொருவர் உண்ணுதலும் நம்மிடையே மலிந்துள்ள பழக்கங்கள். இவற்றைக் கைவிட்டாலே பாதி தீங்கு அகலும்.

நிறைவுரை

மாணவர்களே, நீங்கள் ஊருக்குச் செல்லும்போது உங்கள் தெருவில் 'அம்மை' என்று ஒருவர் படுத்திருப்பதாகக் கேள்வியுறலாம். "அண்மையில் புதிதாக ஏதேனும் மாத்திரை தொடங்கினாரா? கண் சிவந்துள்ளதா? வாய் புண்ணாகியுள்ளதா?" என்னும் மூன்று வினாக்களை மட்டும் கேளுங்கள். ஒன்றுக்கேனும் ஆம் என்று விடை வருமாயின் அவரை மருத்துவமனைக்கு அனுப்பாது திரும்பாதீர்கள். ஜமாஅத் பெரியோர்களே, உங்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. 'இறங்கிவிடும்' என்று ஆறுதல் கூறுவதைவிட, 'வண்டி வரச்சொல்' என்று கூறுவது சில வேளைகளில் பேரறமாகும். ஆசிரியப் பெருமக்களே, அறியாத ஒன்றில் அறிந்தார்போல் பேசுதல் எத்துணைத் தீங்கு செய்யும் என்பதற்கு யாமே சான்று.

அம்மாணவி இன்று தன் ஊர்ச் சிறார்க்கு மாலை வேளைகளில் தமிழ் கற்பிக்கின்றாள். வெயில் சாய்ந்த பின்னரே வகுப்பு. பாடத்தை ஒரு சிறுமி படிக்க, இவள் பொருள் சொல்கின்றாள். இக்கட்டுரை எழுத எண்ணியபோது அவளிடம் ஒப்புதல் கேட்டோம். "பெயர் வேண்டாம் ஐயா, மாத்திரைப் பெயரை மட்டும் தெளிவாக எழுதுங்கள்" என்றாள். அவ்வாறே எழுதியுள்ளோம். எல்லாப் புகழும் இறைவனுக்கே.